தீம் பார்க்கில் கேரக்டர் டைனிங்: போகலாமா, வேண்டாமா? என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

என் அக்கா குடும்பம் பாரிஸை ஒட்டிய சார்செல்லில் இருக்கிறது. அதனால் பிள்ளைகளோடு இரண்டு முறை டிஸ்னிலேண்ட் பாரிஸுக்கும், நடுவில் ஒரு முறை ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கும் போய் வந்தேன். அதிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களின் அம்மாக்கள் என்று ஆளுக்கு ஆள் போன் செய்து இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசியதை எல்லாம் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கேரக்டர் டைனிங்னா என்னங்க? மிக்கி நம்மகூட உட்கார்ந்து சாப்பிடுமா?

உட்காராது, சாப்பிடாது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மிக்கி, மின்னி, கூஃபி அல்லது இளவரசிகள் ஒவ்வொருவராக மேஜை மேஜையாக வருவார்கள். பிள்ளையைக் கட்டிப் பிடிப்பார்கள், நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள், அடுத்த மேஜைக்கு நகர்வார்கள். ஒரு மேஜைக்கு ஒருவர் ஒன்று, இரண்டு நிமிடம் நிற்பார். உங்கள் சாப்பாடு முடிவதற்குள் பெரும்பாலும் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள்.

நீங்கள் பணம் கொடுப்பது சாப்பாட்டுக்கு என்று நினைத்தால் கணக்குத் தப்பும். சாப்பாடு சுமார்தான். அந்த விலைக்கு நம் ஊரில் ஒரு தெருவுக்கே விருந்து வைக்கலாம். வரிசையில் நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி, பிள்ளை நாலைந்து கேரக்டர்களைப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பணம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

நம்ம ஊர்ல பொறந்தநாளுக்கு ஆள் கூப்பிட்டா மிக்கி வேஷம் போட்டு வந்து ஆடிட்டுப் போறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

உழைப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. மே மாத வெயிலில், மண்டபத்தில் ஏசி இல்லாமல் அந்தத் தலையை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஆடுகிற நம் ஊர்ப் பையன்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அடுத்த முறை வந்தால் முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

பிள்ளையின் பார்வையில்தான் வித்தியாசம். மண்டபத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு மிக்கி. பார்க்கில் உங்கள் மேஜையில் நிற்கும் அந்த இரண்டு நிமிடமும் மிக்கி உங்கள் பிள்ளையை மட்டும்தான் பார்க்கும். நடை, கையசைவு, கையெழுத்து எல்லாம் பிள்ளை கார்ட்டூனில் பார்த்தபடியே இருக்கும். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தலையில் இருந்த மல்லிகைப் பூவை மின்னி குனிந்து முகர்ந்து பார்ப்பது போலச் செய்ததை இன்றைக்கும் சொல்கிறாள்.

பார்க் டிக்கெட்லயே இது சேர்ந்துடுமா?

சேராது, தனிக் கட்டணம். உணவகம் பார்க்குக்கு உள்ளே இருந்தால் பார்க் டிக்கெட்டும் வேண்டும், சாப்பாட்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஹாங்காங்கின் என்சான்டட் கார்டன், அமெரிக்காவில் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டின் ஷெஃப் மிக்கீஸ் போன்றவை ஹோட்டலுக்குள் இருப்பவை. அங்கே பார்க் டிக்கெட் இல்லாமலே போய்ச் சாப்பிடலாம். பார்க்குக்குப் போகாத நாளில் இதை வைத்துக்கொண்டால் பார்க்கில் ஒரு மணி நேரமும் வீணாகாது.

நாங்க பாரிஸ் போறோம், கொழுந்தனார் குடும்பம் ஹாங்காங் போகுது. ரெண்டு இடத்துலயும் இருக்கா?

இருக்கிறது. டிஸ்னிலேண்ட் பாரிஸ் 1992 ஏப்ரலில் திறந்தது. பாரிஸிலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயில் லைனில் மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸி என்ற கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் வாசல் எதிரே இருக்கும். பார்க்குக்கு உள்ளே இளவரசிகள் வருகிற ஒபெர்ஜ் த சான்த்ரியோன் இருக்கிறது. சான்த்ரியோன் என்றால் நம் சின்ட்ரெல்லாதான். புதுப்பித்து 2024 ஜனவரியில் மறுபடி திறந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டலில் ராயல் பேங்க்வெட் என்ற பஃபே இருக்கிறது. அங்கே மிக்கியும் நண்பர்களும் அரச உடையில் வருவார்கள்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பரில் திறந்தது. அங்கே மேலே சொன்ன என்சான்டட் கார்டன்தான் முக்கியம். கொழுந்தனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஹாங்காங் போகும் முன், அந்த ஊருக்குள் நுழைவதற்கான பதிவை ஆன்லைனில் செய்துகொள்ள வேண்டும். விமான டிக்கெட்டையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டே இதை மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேளை சாப்பாட்டுக்கு இருபத்தஞ்சாயிரம் ரூபாயா? மனசே வரலை அக்கா. நெஜமாவே கட்டுப்படியாகுமா?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. கணக்குப் போட்டே பார்ப்போம். விலை சீசனுக்குச் சீசன், உணவகத்துக்கு உணவகம் மாறும். அதனால் நான் போடுவது மாதிரிக் கணக்குதான். உங்கள் தேதிக்கு வரும் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைப்போம்.

பெரியவருக்கு 80 யூரோ, பிள்ளைக்கு 40 என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு 240 யூரோ. அதே நால்வரும் கவுன்ட்டரில் பர்கரோ பீட்சாவோ வாங்கிச் சாப்பிட்டால் 65 யூரோ என்று வையுங்கள். வித்தியாசம் 175. இனி நேரம். பிள்ளை நாலு கேரக்டரைப் பார்க்க ஆசைப்படுகிறாள், ஒவ்வொருவருக்கும் வரிசை 45 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். கவுன்ட்டர் சாப்பாட்டுக்கு 45 நிமிடம். ஆக மொத்தம் 225 நிமிடம். கேரக்டர் டைனிங்கில் இவை எல்லாம் 90 நிமிடத்தில் முடியும். மிச்சம் 135 நிமிடம், அதாவது இரண்டே கால் மணி நேரம். பார்க் டிக்கெட் நால்வருக்கும் 360 யூரோ, பத்து மணி நேரம் இருப்பீர்கள் என்றால் பார்க்கில் ஒரு மணி நேரம் உங்களுக்கு 36 யூரோ விழுகிறது. மிச்சமான நேரத்தின் மதிப்பு 81 யூரோ. 175ல் 81 போனால் 94. ஏறக்குறைய 9,400 ரூபாய்.

அதனால் "இருபத்தஞ்சாயிரமா?" என்று கேட்க வேண்டாம். பிள்ளையின் அந்த சந்தோஷத்துக்கும் உங்கள் கால்களின் ஓய்வுக்கும் 9,400 ரூபாய் தரலாமா என்று கேளுங்கள். நான் தந்தேன், வருத்தமில்லை. அதே கணக்கைப் பிள்ளை மிக்கியை மட்டும் பார்க்க ஆசைப்பட்டால் போட்டுப் பாருங்கள்: 45 நிமிட வரிசை, 45 நிமிடச் சாப்பாடு, இங்கேயும் 90, அங்கேயும் 90. ஒரு நிமிடமும் மிச்சமில்லை. அப்படியானால் வேண்டாம், வரிசையிலேயே நில்லுங்கள். முதலில் பிள்ளையிடம் உட்கார்ந்து யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எந்த வயசுல கூட்டிட்டுப் போனா நல்லது?

என் அனுபவத்தில் நாலிலிருந்து எட்டு வரை. அந்த வயதில் மிக்கி நிஜம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு ரைடுகள்தான் வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தால் கோபம் வரும்.

விலையிலும் வயது விளையாடும். பாரிஸிலும் ஹாங்காங்கிலும் 3 முதல் 11 வயது வரை பிள்ளைக் கட்டணம். ஃப்ளோரிடாவில் 3 முதல் 9 வரைதான், பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் விலை. மூன்று வயதுக்குக் கீழே பார்க்கில் நுழைய டிக்கெட் வேண்டாம். இதைப் பார்த்துவிட்டு "மூணு முடியறதுக்குள்ள போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்கிறார்கள். டிக்கெட் மிச்சமாகும், ஆனால் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது. கேரக்டர் டைனிங்குக்காக என்றால் இரண்டு வயதில் போகவே வேண்டாம்.

அப்புறம், பிள்ளைக்கு அந்தக் கேரக்டர்களைத் தெரியுமா என்று பாருங்கள். சோட்டா பீம் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கூஃபி யாரென்றே தெரியாது. போவதற்கு இரண்டு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க விடுங்கள்.

எங்க பையன் வேஷத்தைப் பார்த்தாலே அலறுவான். காசு கட்டிட்டு அங்க போய் அழுதா?

திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. துரியோதனன் வேஷம் ஆடிக்கொண்டு கிட்டே வந்ததும் பாட்டி மடியில் முகம் புதைக்காத பிள்ளை உண்டா? அதே பிள்ளை மூன்றாவது ராத்திரி முன் வரிசையில் போய் உட்காரும். தூரத்தில் வைத்துப் பழக்கினால் போதும்.

பார்க்கிலும் அப்படியே செய்யுங்கள். முதல் நாள் பரேடைத் தள்ளி நின்று காட்டுங்கள். பயம் குறைந்தால் மறுநாள் மேஜை. இன்னொரு வழி, முகமூடி இல்லாத இளவரசிகள் வரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. பெரிய தலையைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளை மனித முகத்துக்குப் பயப்படாது. மேஜையில் அழுதாலும் கேரக்டர்கள் வற்புறுத்த மாட்டார்கள். தள்ளி நின்று கை அசைத்துவிட்டுப் போவார்கள். தயவுசெய்து நீங்களும் பிள்ளையைத் தூக்கி அவர்கள் கையில் திணிக்காதீர்கள். போட்டோ போனால் போகட்டும்.

பாப்பாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அவங்க பிரெஞ்சுல பேசினா?

முழுத் தலை மாட்டிய மிக்கி, மின்னி, டொனால்ட் எல்லாம் மேஜையில் பேசுவதில்லை. சைகைதான். அங்கே தமிழ்ப் பிள்ளையும் பிரெஞ்சுப் பிள்ளையும் ஒன்றுதான். இளவரசிகள்தான் பேசுவார்கள், பாரிஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும். பாப்பா வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடலாம் என்பதால், தமிழ் மட்டும் தெரிந்த சின்னப் பிள்ளைக்கு மிக்கி கூட்டம் வரும் பஃபேயைத்தான் சொல்வேன். பிள்ளை பயந்த சுபாவம் என்றால் முந்தைய பதிலையும் சேர்த்து யோசியுங்கள்.

இளவரசிதான் வேண்டும் என்றால் பட்டுப்பாவாடை கட்டி விடுங்கள். என் அண்ணன் மகள் அப்படித்தான் போனாள். இளவரசியாக வந்த பெண் இவள் பாவாடை ஜரிகையைத் தொட்டுப் பார்த்து, தன் பாவாடையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். இவளும் சுற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இளவரசி உடையே வேண்டுமென்றால் நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடுங்கள், அல்லது தைத்துக்கொள்ளுங்கள். பார்க் கடையில் விலை கையைக் கடிக்கும். குளிர்காலமானால் உள்ளே ஸ்வெட்டர் போடும் அளவுக்குத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள்.

காலையா, மதியமா, ராத்திரியா? எது புக் பண்றது?

நான் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன். முதல் பயணத்தில், ஊரிலிருந்து போன இரண்டாம் நாளே இரவு 7 மணிக்குப் புக் செய்தேன். பாரிஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அங்கே இரவு 7 என்றால் பிள்ளையின் உடம்புக்கு இரவு பத்தரை. சூப் வருவதற்குள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எல்லோரும் வந்து போனார்கள். எழுப்பினேன், சிணுங்கினாள், விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் அழுதேன்.

அதனால் பாரிஸ் என்றால் காலை அல்லது சீக்கிர மதியம். பிள்ளைகள் எப்படியும் நாலு, ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஹாங்காங் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 நமக்கு விடியற்காலை ஐந்தரை. அதனால் மதியமோ இரவோ வையுங்கள்.

நாங்க சுத்த சைவம். அவ்வளவு காசு கொடுத்து ரொட்டியும் தக்காளியும் தின்னுட்டு வரணுமா?

பஃபே என்றால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். சாலட், பாஸ்தா, உருளைக்கிழங்கு, ரொட்டி, சீஸ், பழம், இனிப்பு இருக்கும். ஆனால் கொடுத்த காசுக்குச் சாப்பிட்டோம் என்ற திருப்தி வராது. சாஸில் இறைச்சிச் சாறு, இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம், கேட்டே எடுங்கள். முட்டையும் கூடாது என்றால் புக் செய்யும்போதே எழுதுங்கள், உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். "சான் வியாந்த்" என்றால் இறைச்சி இல்லாமல். மாட்டுக்கறியும் பன்றியும் மட்டும் தவிர்ப்பவர்கள் "பெஃப்", "போர்" என்ற இரண்டு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும். வீட்டில் சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், வாங்கும் தாத்தா இருந்தால் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்.

சைவக் குடும்பங்களுக்குக் காலை உணவுதான் நல்லது. ரொட்டி, பழம், ஜாம் எல்லாம் எப்படியும் அதில்தான் இருக்கும். மத்தியானத்துக்குச் சோறு இல்லாமல் ஆகாது என்றால், பாரிஸில் கார் து நார் ஸ்டேஷனை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மாமனார், மாமியாரும் வர்றாங்க. ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டாங்க. அவங்களுக்கும் முழுக் காசா?

ஆமாம். பஃபேயில் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வயதானவர்களுக்குக் குறைப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மாதிரிக் கணக்கில் இருவருக்கும் சேர்த்து இன்னும் 160 யூரோ ஏறும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், வரிசையில் நிற்க முடியாத முழங்கால்காரர்கள் பேரப்பிள்ளையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய இடம் பார்க்கில் இது ஒன்றுதான். என் மாமியார் பூரி மாதிரி இருந்த எதையோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார், ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பணம் இடிக்கிறது என்றால் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் புக் செய்யுங்கள். அப்பா பெரியவர்களை வெளியே எங்காவது நிதானமாகச் சாப்பிட வைக்கட்டும். எல்லோரும் போயே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டிப்ஸ், தண்ணி, அதெல்லாம் தனியா எவ்வளவு ஆகும்?

பிரான்ஸில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும், டிப்ஸ் கட்டாயமில்லை. "யூன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். ஹாங்காங்கில் வழக்கமாகப் பில்லில் பத்து சதவீதம் சேரும். அமெரிக்காவில் பதினெட்டு, இருபது சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், அதைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

உள்ளே போனதும் என்ன செய்யணும்? ஏதாவது முறை இருக்கா?

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் தட்டெடுக்கப் போகாதீர்கள். நீங்கள் பாஸ்தா முன்னால் நிற்கும்போது மின்னி உங்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடும். ஒருவர் எப்போதும் பிள்ளையோடு இருங்கள். பிள்ளையின் கழிவறை வேலையை முன்பே முடித்துவிடுங்கள்.

கையெழுத்து நோட்டும் தடிமனான ஸ்கெட்ச் பேனாவும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். பெரிய கையுறைக்குள் மெல்லிய பேனா நிற்காது. போட்டோவை உங்கள் போனிலேயே எடுக்கலாம். யாராவது உங்கள் மேஜைக்கு வராமல் விட்டிருந்தால் பில் கேட்பதற்கு முன்னால் பரிமாறுகிறவரிடம் சொல்லுங்கள், அனுப்பி வைப்பார்கள். வெளியே வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

புக்கிங்கே கிடைக்கலை. விசாவும் இன்னும் வரலை. என்ன பண்றது?

விசா கைக்கு வராமல், திரும்பக் கிடைக்காத முன்பணம் எங்கேயும் கட்டாதீர்கள். ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்ற வரியைப் படித்த பிறகுதான் கார்டு எண்ணைப் போட வேண்டும். ஃப்ளோரிடாவில் 60 நாள் முன்பு புக்கிங் திறக்கும். பாரிஸுக்கு அவர்களுடைய ஆப்பிலேயே செய்யலாம். நிரம்பிவிட்டது என்று காட்டினாலும் தினமும் பாருங்கள், முக்கியமாகப் போவதற்கு முந்தைய இரண்டு நாள். ரத்து செய்கிறவர்களின் இடங்கள் அப்போதுதான் விழும்.

கடைசி வரை கிடைக்கவில்லையா? பரவாயில்லை. டிஸ்னிலேண்ட் பாரிஸில் மிக்கியைச் சந்திக்கவும் இளவரசியைச் சந்திக்கவும் தனித்தனி இடங்கள் உண்டு, பார்க் டிக்கெட்டே போதும். திறந்தவுடன் நேரே அங்கே போனால் வரிசை குறைவு. ஒருவரையாவது காலையிலேயே பார்த்துவிட்டால் பிள்ளை அன்றைக்கு முழுக்க உற்சாகமாக இருக்கும்.

"ஃப்ரோஸன் படத்து எல்சா வருவா"ன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். வரலைன்னா?

சொல்லியிருக்க வேண்டாம். யார் வருவார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும், எந்தப் பார்க்கும் குறிப்பிட்ட ஒருவருக்கு உறுதி தராது. இப்போதே மெல்ல மாற்றிச் சொல்லுங்கள்: "ராஜகுமாரிகள் வருவாங்க, யாருன்னு போய்த்தான் பார்க்கணும்." ஆசை அந்த ஒருவர் மேல் மட்டும் என்றால், மேலே கணக்கில் சொன்னபடி, இந்தச் சாப்பாடே உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஒருவரை எங்கே, எத்தனை மணிக்குச் சந்திக்கலாம் என்று பார்க்கின் ஆப்பில் அன்று காலை பார்த்து நேரே போங்கள்.

அங்க இருக்கற அண்ணன்தான் செலவு பண்றார். அவர் இதுக்கும் சேர்த்துப் புக் பண்றேங்கறார். வேண்டாம்னு சொல்லவும் முடியலை, சரின்னு சொல்லவும் கூச்சமா இருக்கு.

இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்கள். அண்ணன் அங்கே எவ்வளவு பாடுபட்டுச் சம்பாதிக்கிறார் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். என் அத்தான் விடியற்காலை ஐந்து மணி ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவர். தான் இருக்கும் நாட்டில் உங்கள் பிள்ளைக்கு ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்ற உங்கள் அண்ணனின் ஆசையும் அதே அளவுக்கு நிஜம். முழுதாக மறுத்தால் அவருக்கு வலிக்கும்.

நான் செய்தது இது. யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று என் மகள் எழுதிய தாளை அத்தானிடம் காட்டினேன். நாலு பேர் எழுதியிருந்தாள். "இந்த ஒரு வேளை போதும் அத்தான், மற்ற நாளெல்லாம் அக்கா கட்டித் தரும் புளிசாதம்தான்" என்றேன். இரவு வேண்டாம், காலையில் வைக்கலாம் என்றேன், விலையும் குறைந்தது. அவரையும் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வரச் சொன்னேன். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார், அந்தப் பார்க்குக்குள் அவர் அன்றைக்குத்தான் முதல் முறை வந்தார். மிக்கியோடு அவர் நிற்கும் போட்டோதான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.